பன்னிரண்டு மணி ரயில்

மீனாட்சிபுரம்,
ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பதில் தாமதமானதற்குத் தோப்புதான் காரணம். வெள்ளை ஈ இந்த வருஷமும் விடவில்லை. ஓலைக்கு அடியில் அது, கீழ் ஓலைகளின் மேலெல்லாம் கரும்பூசணம். மைதாக் கஞ்சி காய்ச்சித் தெளித்தோம். காய்ந்ததும் பூசணம் தகடு தகடாக உரிந்து விழுகிறது, பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈ போகவில்லை. பொள்ளாச்சி வியாபாரி வழக்கம்போல வந்து, காயைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு, அதே வியாபாரத்தைப் பேசிவிட்டுப் போனான். மணக்கடவில் தண்ணீர் வருமா வராதா என்ற பஞ்சாயத்தும் வழக்கம்போல. அதை எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

உன் கடிதத்தில் முக்கால்வாசி வீட்டு விசேஷம். கடைசியில் ஒரே ஒரு பத்தி. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் அடுக்குமாடியில் கழிவுநீர் சுத்திகரிப்பு எந்திரம் ரொம்ப நாளாக ஓடவில்லை, ராத்திரியில் மோட்டார் போட்டு மழைநீர் வாய்க்காலில் விடுகிறார்கள், அது நேரே குளத்துக்குப் போகிறது. காலை நடைக்குப் போகும்போது நீயே பார்த்து, போனில் படமும் எடுத்திருக்கிறாய். சங்கக் கூட்டத்தில் மூன்றாம் மாடிப் பெண் எழுந்து கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீயும்தான். ‘வெளியே தெரிந்தால் வீட்டு விலை விழுந்துவிடும், யோசித்துப் பேசுங்கள்’ என்று செயலாளர் சொன்னதும் கூட்டம் கலைந்தது. ‘நான் கோழை, மச்சான், இந்த வயதில் தெரிந்துகொண்டேன்’ என்று முடித்திருக்கிறாய்.

எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதானே. ஆனால் அந்தக் கடிதம் மேஜைமேல் கிடந்த வாரத்தில் ஒரு படம் பார்த்தேன். அதைப் பற்றி எழுதுகிறேன். நடுவில் உன்னைத் திட்டினாலும் திட்டுவேன், பொறுத்துக்கொள்.

பேரன் லீவுக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டரை டிவியில் மாட்டி, ‘தாத்தா, உங்களுக்குக் குதிரைப் படம் பிடிக்குமே’ என்று ‘ஹை நூன்’ போட்டான். 1952-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். குதிரைப் படம் என்றால் நமக்குத் தெரிந்தது கர்ணன் எடுத்த ஜெய்சங்கர் படங்கள்தான்: புழுதி, குதிரை, பாறைக்குப் பின்னால் ஒளிந்து சுடுவது. அதே நினைப்பில் காலை நீட்டி உட்கார்ந்தேன். இதில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் துப்பாக்கிச் சண்டையே கிடையாது. ஒரு ஆள் வீடு வீடாகப் போய் உதவி கேட்கிறான், இல்லை என்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பேரன் பாதியில், ‘எப்போ தாத்தா சுடுவாங்க’ என்று என்னையே கேட்டான்.

கதை நடப்பது ஹாட்லிவில் என்ற ஒரு சின்ன ஊரில். அந்த ஊர்ப் போலீஸ் தலைவன், மார்ஷல் என்கிறார்கள், வில் கேன். அவனுக்கு அன்று காலைதான் கல்யாணம். வேலையை விட்டுவிட்டு மனைவியோடு கிளம்புகிறான். அப்போது தந்தி வருகிறது. அவன் பிடித்து ஜெயிலுக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி, பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறான். அவனுடைய ஆட்கள் மூன்று பேர் ஏற்கெனவே ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் முதலமடை ஸ்டேஷனிலாவது ஆலமரம் இருக்கிறது, அங்கே அதுவும் இல்லை. வெயிலில் தண்டவாளம் நேரே போய்க்கொண்டே இருக்கிறது. அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், அப்புறம் கடிகாரத்தை. படம் ஓடுவதே எண்பத்தைந்து நிமிஷம்தான், கதையில் ஓடுகிற நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. கடிகாரத்தைக் காட்டும்போதெல்லாம் நானும் நம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஊர்க்காரர்கள் கேனையும் புதுப்பெண்ணையும் அவசர அவசரமாக வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அவனும் போகிறான். கொஞ்ச தூரம் போய் வண்டியைத் திருப்புகிறான். ஓடினாலும் பின்னால் துரத்தி வருவார்கள் என்று மனைவியிடம் ஒரு காரணம் சொல்கிறான். அது காரணம்தான், ஆனால் அவன் திரும்பியது அதற்காக இல்லை என்று அவன் முகமே சொல்கிறது. அப்புறம் யார் கேட்டாலும் அவனிடம் நீளமான பதில் கிடையாது. போகச் சொல்கிறவர்களிடம்தான் பதில்கள் நீளம். இதைக் கொஞ்சம் கவனி, மாப்பிள்ளை. படம் முடிந்தபிறகு ராத்திரி முழுக்க எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மில்லருக்குத் தண்டனை கொடுத்த நீதிபதி, கொடியை மடித்து, தராசைக் கழற்றி, சட்டப் புத்தகங்களை மூட்டை கட்டிக் கிளம்புகிறார். கிளம்பும்போதுகூட கிரேக்க வரலாற்றிலிருந்து உதாரணம் சொல்கிறார்! ஆனாலும் அந்தப் படத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பயமாக இருக்கிறது, போகிறேன் என்பதை மறைக்கவில்லை. ஓட்டல் குமாஸ்தா, மில்லர் இருந்த காலத்தில் வியாபாரம் நன்றாக நடந்தது என்கிறான். உதவி மார்ஷலுக்கு, தனக்குப் பதவி கிடைக்கவில்லையே என்று கோபம். பழைய மார்ஷலுக்கு மூட்டுவலி. ஒருவன் முதலில் வருகிறேன் என்கிறான், வேறு யாரும் சேரவில்லை என்று தெரிந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளைச் சொல்லிப் பின்வாங்குகிறான். எந்தக் காரணமும் பொய் இல்லை. மூட்டுவலி உண்மையான மூட்டுவலிதான்.

உள்ளே குத்துவது தேவாலயக் காட்சி. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடக்கிறது. கேன் உள்ளே போய் ஆள் கேட்கிறான். சிலர் எழுந்திருக்கப் பார்க்கிறார்கள். ‘பொறு, பேசி முடிவு செய்வோம்’ என்கிறார் ஒருவர். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டுப் பேசுகிறார்கள். சம்பளம் வாங்குகிற போலீஸ் எதற்கு இருக்கிறது, இது கேனுக்கும் மில்லருக்கும் உள்ள சொந்தத் தகராறு என்று ஆளாளுக்கு. ஒரு பெண் மட்டும் எழுந்து, பட்டப்பகலில் நல்ல பெண்கள் தெருவில் நடக்க முடியாமல் இருந்த காலம் உங்களுக்கு மறந்துவிட்டதா என்று கேட்கிறாள். கடைசியில் ஊர்ப் பெரியவர் ஹெண்டர்சன் எழுந்திருக்கிறார். கேனின் நண்பர். அவனைப் போல மார்ஷல் இந்த ஊருக்குக் கிடைத்ததில்லை என்று அவர் ஆரம்பிக்கும்போது, சரி, ஆள் கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அந்தப் புகழ்ச்சி அப்படியே வேறு பக்கம் திரும்புகிறது. வடக்கே இருக்கிறவர்கள் இந்த ஊரில் பணம் போட யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், கடைகள் வரும், ஆலைகள் வரும். தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே, வில், நீ போய்விடுவதுதான் ஊருக்கு நல்லது.

உங்கள் செயலாளர் ஞாபகம் வரவில்லையா உனக்கு? வீட்டு விலை விழுந்துவிடும் என்றாரே, அவரேதான் மாப்பிள்ளை, கோட்டு மட்டும்தான் வேறு.

கோழைத்தனம் என்றால் நடுங்குகிற ஆள், வியர்க்கிற நெற்றி என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் படத்தில் நடுங்குகிறவன் கேன்தான். வியர்க்கிறது, உயில் எழுதுகிறான், ஒரு கட்டத்தில் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறான். கேனாக நடித்த கேரி கூப்பருக்கு அப்போது ஐம்பது வயது, வயிற்றில் அல்சர் வேறு. அந்த வலி முகத்தில் அப்படியே தெரிகிறது. ஹெண்டர்சனுக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. நிதானமாக, ஊர் நன்மைக்காக, அழகாகப் பேசுகிறார்.

நம் பக்கத்திலேயே இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறோம். நீ அப்போது கோவைக்குப் போய்விட்டாய். இங்கிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தானே பிளாச்சிமடை. 2000-ல் குளிர்பான ஆலை வந்தபோது பெருமாட்டி பஞ்சாயத்துதான் லைசென்ஸ் கொடுத்தது. நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சி, குளிர்பானம் லாரி லாரியாகப் போனது. எரவாளர் பழங்குடிக் காலனிக் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது, இருந்ததும் உவர்த்துப் போனது. அந்தத் தண்ணீரில் அரிசி சரியாக வேகவில்லை, குளித்தால் அரிக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். உரம் என்று தோட்டங்களுக்குக் கொடுத்த ஆலைக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருந்தது 2003-ல் சோதனையில் தெரிந்தது. ஆனால் முதலில் சாயாக் கடையில் என்ன பேசினார்கள் தெரியுமா? ‘எத்தனை காலம் கழித்து இந்தப் பக்கம் ஒரு கம்பெனி வந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது, கெடுத்துவிடாதீர்கள்.’ சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆலையில் வேலை பார்த்தவர்களும் நம் ஆட்கள்தான், வேலை போய்விடும் என்ற அவர்கள் பயமும் நியாயமான பயம்தான். ஹாட்லிவில் மூட்டுவலி மாதிரி.

2002 ஏப்ரல் 22-ஆம் தேதி ஆலைக்கு எதிரே சமரப் பந்தல், அதாவது போராட்டப் பந்தல், போட்டார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா. எரவாளர் பெண், பள்ளிக்கூடம் போனவர் இல்லை. அந்தப் பந்தலைத் தாண்டிப் பல தடவை போயிருக்கிறேன். ஓலைக் கூரை, நாலைந்து பெண்கள், மடியில் பிள்ளைகள், பக்கத்தில் காலிக் குடங்கள். வீரம் என்று நாம் சினிமாவில் பார்த்த எதுவும் அங்கே இருக்காது. வெயிலில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் சிலர் கிண்டல் செய்வதும் உண்டு. பெரிய கட்சிகளெல்லாம் பின்னால்தான் வந்தன. லைசென்ஸ் கொடுத்த அதே பஞ்சாயத்து 2003 ஏப்ரலில் அதைப் புதுப்பிக்க மாட்டேன் என்று தீர்மானம் போட்டது, அப்புறம் கோர்ட்டு, கேஸ். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007 ஜனவரியில் இறந்துபோனார். நஷ்டஈட்டுக்காக 2011-ல் கேரள சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

கேனுக்கு ஒரு பன்னிரண்டு மணி. ரயில் வந்தது, சுட்டான், முடிந்தது. மயிலம்மாவுக்கு அப்படி ஒரு நேரம் குறித்துக் கொடுக்கப்படவில்லை. அந்தப் பெண்கள் தினமும் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார வேண்டும். படத்தில் வராத துணிச்சல் இது, இதைக் காட்டினால் யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள்.

படத்தை எழுதியவர் கார்ல் ஃபோர்மன். அவர் கதையைப் பேரன் போனில் தேடிப் படித்துச் சொன்னான். அது படத்தைவிடப் பெரிய கதையாக இருந்ததால் நானும் உட்கார்ந்து படித்தேன். கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிக்கிறோம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு விசாரணைக் குழு இருந்தது. 1951-ல் இந்தப் படத்தின் ஷூட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே ஃபோர்மனைக் கூப்பிட்டார்கள். கூட இருந்தவர்கள் பெயரைச் சொல் என்றார்கள். சொல்லவில்லை. அப்புறம் தெருவில் பார்த்தால் நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். தேவாலயக் காட்சியில் அவர் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசனங்கள் எத்தனையோ! கடைசியில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1957-ல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் அவரும் ஒருவர், நம் பக்கத்து இலங்கையில் எடுத்த படம். அவர் பெயர் திரையில் வரவில்லை. ஆஸ்கர் விருது நாவல் எழுதிய பிரெஞ்சுக்காரருக்குப் போனது. ஃபோர்மனுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் உயிரோடு இல்லை.

இதில் கேரி கூப்பர் நடந்துகொண்டதுதான் உனக்காக எழுதவேண்டியது. அவர் ஃபோர்மனுடைய அரசியலுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஆனாலும் விசாரணைச் சமயத்தில் ஃபோர்மனை விட்டுக்கொடுக்கவில்லை. ஃபோர்மன் ஆரம்பிக்கப்போகிற புதுக் கம்பெனியில் சேருகிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். உடனே நாலா பக்கமும் நெருக்கடி. ஸ்டுடியோக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், சக நடிகர்கள். கூப்பர் பின்வாங்கிவிட்டார். திரையில் தனியாக நின்ற அதே மனிதர்! ஃபோர்மன் அதற்காக அவரைத் திட்டவில்லை. மற்றவர்கள் ஆரம்பத்திலேயே ஒதுங்கிக்கொண்டபோது கொஞ்ச தூரமாவது கூட வந்த ஆள் என்ற மரியாதை அவருக்குக் கடைசிவரை இருந்ததாகத் தெரிகிறது. அந்த வேடத்துக்காகக் கூப்பருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அவர் ஊரில் இல்லாததால் மேடையேறி அதை வாங்கிக்கொண்டவர் யார் தெரியுமா, இன்னொரு பெரிய குதிரைப்பட நடிகர் ஜான் வெய்ன். அந்தப் படத்தை அமெரிக்காவுக்கே விரோதமானது என்று பின்னாளில் திட்டிய அதே ஜான் வெய்ன்.

வெய்னுக்கும், ஹோவர்ட் ஹாக்ஸ் என்ற இன்னொரு டைரக்டருக்கும் என்ன குறை என்றால், நல்ல போலீஸ்காரன் ஊர் முழுக்க உதவி கேட்டு அலைவானா என்பதுதான். அதற்குப் பதிலாகவே 1959-ல் ‘ரியோ பிராவோ’ எடுத்தார்கள். பேரன் அதையும் போட்டான், நன்றாகத்தான் இருக்கிறது, பாட்டுகூட உண்டு. ஆனால் எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. உதவி வேண்டாம் என்று மீசை முறுக்குவதற்கு என்ன தைரியம் வேண்டும்? தெரிந்தவன் வீட்டுக் கதவைத் தட்டி, பயமாக இருக்கிறது, கூட வா என்று கேட்பதும், இல்லை என்ற பதிலோடு அடுத்த வீட்டுக்குப் போவதும் லேசான காரியமா?

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. உன் தங்கச்சியும் கூட உட்கார்ந்து பார்த்தாள். பாதிக்கு மேல்தான், அதுவும் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. சாம் ஃபுல்லர் என்று ஒருவன். கேன் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நான் வீட்டில் இல்லை என்று சொல்லு என்று மனைவியைக் கதவுக்கு அனுப்புகிறான். அவள் வந்து, அவர் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார் என்கிறாள். நீ இல்லாமலா என்று கேன் கேட்கிறான். அவள் முகம் செத்துப்போகிறது. துணி மாற்றிக்கொண்டு நானும் போகப்போகிறேன் என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கிறாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு இவள், ‘எல்லாரும் அந்த மார்ஷலைப் பார்க்கிறீர்கள், இந்தப் பொம்பளையைப் பாருங்கள். பயம் அவனுக்கு, பொய் சொல்கிற பாவம் இவளுக்கு’ என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. கடன்காரன் வந்தபோதெல்லாம் எந்த வீட்டில் யார் கதவைத் திறந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேனின் மனைவி ஏமி பற்றி எங்களுக்குள் சண்டை. அவள் குவேக்கர், ஆயுதம் கூடாது என்கிற மதம். அப்பாவும் அண்ணனும் சுடப்பட்டுச் செத்ததைப் பார்த்தவள். பன்னிரண்டு மணி ரயிலில் நான் போகிறேன் என்று கிளம்பியவள், முதல் சத்தம் கேட்டதும் இறங்கி ஓடி வருகிறாள். கடைசியில் ஜன்னல் வழியாக ஒருவனை முதுகில் சுடுகிறாள். கொள்கையை விட்டுவிட்டாள், இதில் என்ன வீரம் என்றேன் நான். ‘புருஷனைச் சுடுகிறபோது கொள்கையைக் கட்டிக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருப்பாளா’ என்றாள் இவள். இன்னும் முடியவில்லை, நீ வந்தால் தீர்த்துவை.

இப்போது உன் விஷயம். நீ கோழை என்று எழுதியிருக்கிறாய். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதே சமயம் மறுக்கவும் மாட்டேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நீ பேசாதது கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் இல்லை. ஆனால் நீ ஹெண்டர்சன் மாதிரி அதற்கு ஊர் நன்மை என்று வேஷம் கட்டவில்லை. வீட்டு விலை என்றோ, மூட்டுவலி என்றோ, பேத்தி கல்யாணம் என்றோ ஒரு காரணம்கூட உன் கடிதத்தில் இல்லை. பயந்தேன், உட்கார்ந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். காரணம் தேட ஆரம்பிக்காத ஆளுக்கு இன்னும் வண்டியைத் திருப்ப வழி இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூப்பர் ஒரு நாள் நின்றார், இன்னொரு நாள் பின்வாங்கினார். ஒரே ஆள்தான். இது ரத்த குரூப் இல்லை, பிறந்தபோது எழுதிக் கொடுத்துவிட!

அதனால் திட்டுவதை விட்டுவிட்டு வேலையைச் சொல்கிறேன். போனில் எடுத்த படங்களை அழிக்காதே. எப்போது எடுத்தது என்று அதிலேயே பதிவாகியிருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம் என்று பேரன் சொல்கிறான், ஆனால் அதற்கு முன்னால் மூன்றாம் மாடிக்குப் போ. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து பேச வரவில்லை என்றால் போகட்டும், அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டி, நானும் பார்த்தேன் அம்மா, படம் இருக்கிறது என்று சொல்லலாம் இல்லையா? அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாயா? இத்தனை வீட்டில் ஒரு ஆள்கூட இல்லையே என்றுதானே? கேன் அதே மாதிரித்தான் கடைசியில் ஊரையே வெறுத்து, பேட்ஜைக் கழற்றிப் புழுதியில் போட்டுவிட்டுப் போகிறான். சண்டை முடிந்ததும் ஊரே ஓடி வந்து சுற்றி நிற்கிறது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாடியேறிப் போய்விட்டு வந்ததும் எழுது. அவள் கோபத்தில் கதவைச் சாத்தினாலும் எழுது. அடுத்த கூட்டம் எப்போது என்று தேதி சொன்னால் நான் கோவைக்கு வருகிறேன், எப்படியும் கண் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியிருக்கிறது. சங்கத்தில் எனக்குப் பேச உரிமை கிடையாது, பின் வரிசையில் உட்கார்ந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கலாம்.

கொப்பரை காய்ந்துகொண்டிருக்கிறது. மழை பிடிக்காமல் இருந்தால் செக்கில் கொடுத்து எண்ணெய் ஆட்டி எடுத்து வருகிறேன். போன தடவை கொடுத்த டப்பாக்களைத் தங்கச்சி கேட்கிறாள், கழுவி வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்